முதல் பேஸுக்கு என்ன விலை?

2013இல் சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் அணியில் மூன்றாவதாக மட்டை பிடித்தவர் ஜோயி வாட்டோ. அவருக்குப் பின்னால் பெரும்பாலும் நான்காவதாக வந்தவர் பிராண்டன் ஃபிலிப்ஸ். வாட்டோவின் சராசரி .305, ஹோம் ரன் 24. ஃபிலிப்ஸின் சராசரி .261, ஹோம் ரன் 18. எப்படிப் பார்த்தாலும் வாட்டோதான் மேல். ஆனால் ஆர்பிஐ, அதாவது தன் அடியால் பிறரையும் தன்னையும் வீடு சேர்த்த ரன் கணக்கு, வாட்டோவுக்கு 73தான், ஃபிலிப்ஸுக்கு 103. வாட்டோ அந்த ஆண்டு 135 முறை வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் உரிமை) வாங்கிக்கொண்டு முதல் பேஸில் போய் நின்றார். நின்றவரை ஓடவைத்த புண்ணியம் ஃபிலிப்ஸ் கணக்கில் ஏறியது.

நிஜ அணிக்கு வாட்டோ பொக்கிஷம். ஃபேண்டசி அணிக்கு? அவரை உயர்ந்த விலை கொடுத்து எடுத்தவர்கள் ஒரு கணக்குப் பத்தியில் சிரித்து இன்னொரு பத்தியில் அழுதார்கள். முதல் பேஸ்காரர்களை மதிப்பிடும் வேலையில் இருக்கிற சிக்கல் முழுவதும் இந்த ஒரு ஜோடிக்குள் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரர் யார் என்று தெரிவது ஒன்று, அவருக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று தெரிவது வேறொன்று.

நிஜ ஆட்டக்காரர்களின் கணக்கை வைத்து ஆடும் ஃபேண்டசி ஆட்டத்தின் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பதிப்பாசிரியர் தன் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது இது. அவர்கள் கூடிய நியூயார்க் உணவகத்தின் பெயர் லா ரொட்டிஸரி ஃபிரான்சேஸ். அதனால் ரொட்டிஸரி என்ற பெயரே இந்த வகை ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் 260 டாலர் கற்பனைப் பணம், அதில் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். ஏலம் வேண்டாம் என்பவர்கள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடத்துகிறார்கள். ட்ரீம்11 பழகிய நம் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது ஓர் இரவு ஆட்டமல்ல. மார்ச் கடைசியில் எடுத்த அணியோடு செப்டம்பர் கடைசி வரை, 162 ஆட்டங்கள் நீளும் ஒரு முழு சீசனைக் கடக்க வேண்டும்.

மட்டையாளர்களுக்கு ஐந்து பத்திகள்: சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ, ரன், ஸ்டீல் எனப்படும் பேஸ் திருட்டு. 12 பேர் ஆடும் லீகில் ஒவ்வொரு பத்தியிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசிக்கு 1. ஆகவே ஹோம் ரன் பத்தியில் இரண்டாமவரை 5 வித்தியாசத்தில் வென்றாலும் 80 வித்தியாசத்தில் வென்றாலும் கிடைப்பது அதே 12. இதை மறந்துவிட்டு முதல் பேஸுக்கு ஒரு ராட்சசனைத் தேடிப் போகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

ராட்சசன் என்ற எதிர்பார்ப்புக்கு வரலாறு இருக்கிறது. மற்ற ஃபீல்டர்கள் எறியும் பந்தைப் பிடிப்பதுதான் முதல் பேஸ்காரரின் தலையாய வேலை. அதிகம் ஓட வேண்டாம், நீண்ட தூரம் எறிய வேண்டாம். ஃபீல்டிங் கடினத்தை வைத்து பில் ஜேம்ஸ் இடங்களை வரிசைப்படுத்தியபோது ஒரு முனையில் ஷார்ட்ஸ்டாப் நின்றது. மறுமுனையில், ஃபீல்டிங்கே செய்யாத டிஎச்சுக்கு அடுத்து, முதல் பேஸ். இந்த வரிசையில் ஆட்டக்காரர்கள் கடினத்திலிருந்து எளிமைக்குத்தான் நகர்வார்கள். எதிர்த்திசையில் போவது அபூர்வம். ஷார்ட்ஸ்டாப்பாகப் புகழ்பெற்ற எர்னி பேங்க்ஸ் முதல் பேஸுக்கு வந்தார். 2022 கடைசியில் முழங்கை அறுவை செய்துகொண்ட பிரைஸ் ஹார்ப்பர் 2023 ஜூலையில் அவுட்ஃபீல்டிலிருந்து இங்கே வந்தார். ஃபீல்டிங் சுமை குறைந்த இடம் என்பதால் மட்டையில் கூடுதலாகக் கேட்கிறார்கள். அடிக்காத முதல் பேஸ்காரருக்கு நிஜ அணியிலேயே வேலை இல்லை.

2006ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரு லீகுகளிலும் மிகமதிப்புள்ள ஆட்டக்காரர் விருது முதல் பேஸ்காரர்களுக்கே போனது: அமெரிக்கன் லீகில் ஜஸ்டின் மார்னோ, நேஷனல் லீகில் ரயன் ஹவர்ட். ஹவர்ட் 58 ஹோம் ரன், 149 ஆர்பிஐ. அதே ஆண்டு ஆல்பர்ட் புஹோல்ஸ் 49 அடித்தும் விருது கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் உருவான நம்பிக்கைதான் “முதல் பேஸ் ஆழமான இடம், காத்திருந்தால் யாராவது கிடைப்பார்” என்பது. அந்த நம்பிக்கை பாதிதான் இன்று உண்மை. ஹோம் ரன்னைப் பொறுத்தவரை காத்திருக்கலாம். சராசரியைப் பொறுத்தவரை முடியாது. 2024இல் போதுமான வாய்ப்புகள் பெற்ற மட்டையாளர்களில் .300ஐத் தொட்டவர்கள் பெரிய லீக் முழுவதிலும் ஏழே பேர். அவர்களில் முதல் பேஸில் நிறுத்தக்கூடியவர்கள் விளாடிமிர் கெரேரோ ஜூனியரும் லூயிஸ் அராயெஸும் மட்டும்.

இந்தக் கட்டுரையின் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் பேஸில் ஹோம் ரன்னுக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் அதிகம். ஒருவர் எத்தனை முறை மட்டை பிடிக்க வருகிறார், வரும்போது எத்தனை முறை உயிரோடு தப்புகிறார் என்பதற்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் குறைவு.

மதிப்பிடும் முறைகளில் பழையது, கடந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்து எடுப்பது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடந்த ஆண்டு நடந்ததற்கு இந்த ஆண்டு யாரும் புள்ளி தருவதில்லை. இரண்டாவது, கடைசியாகக் கிடைக்கக்கூடியவரோடு ஒப்பிடுவது. இங்கேதான் உண்மையான கணக்கு ஆரம்பிக்கிறது.

12 அணி லீகில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு முதல் பேஸ்காரர் கட்டாயம்; ஆகப் பன்னிரண்டு பேர். இதுபோக ‘கார்னர்’ என்ற ஓர் இடம், முதல் பேஸோ மூன்றாம் பேஸோ ஆடுகிறவருக்கானது. அதில் பாதியை முதல் பேஸ்காரர்கள் பிடித்தால் ஆறு பேர். யாரையும் போடக்கூடிய ‘யுடிலிட்டி’ இடத்தில் இரண்டு பேர். ஆக மொத்தம் இருபது. இருபதாவது ஆள் தரக்கூடியதுதான் இலவசமாகக் கிடைக்கும் அளவு. அதற்கு மேலே உள்ளதற்குத்தான் பணம். அந்த இருபதாமவர் .250 சராசரி, 20 ஹோம் ரன், 70 ஆர்பிஐ, 3 ஸ்டீல் தருவார் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, ஒவ்வொரு பத்தியிலும் ஒரு படி ஏற எவ்வளவு வேண்டும் என்பது. இது லீகுக்கு லீக் மாறும். உங்கள் லீகின் பழைய இறுதிப் பட்டியல்களை எடுத்து, அடுத்தடுத்த இடங்களுக்கு இடையே உள்ள சராசரி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உதாரணத்துக்காக ஒரு படிக்கு 9 ஹோம் ரன், 24 ஆர்பிஐ, 8 ஸ்டீல், சராசரியில் .002 என்று கொள்ளலாம். அணி முழுவதற்கும் ஆண்டுக்கு 7,000 அட்-பேட், அதாவது வாக் சேராத மட்டை வாய்ப்பு.

இப்போது இரண்டு சீசன்களை எதிரெதிரே வைப்போம். 2023இல் பீட் அலோன்சோ 46 ஹோம் ரன், 118 ஆர்பிஐ, ஆனால் சராசரி .217. 2025இல் ஜாஷ் நேலர் 20 ஹோம் ரன், 92 ஆர்பிஐ, சராசரி .295, அதோடு 30 ஸ்டீல்.

அலோன்சோவின் 46, இலவச ஆளைவிட 26 அதிகம். ஏறத்தாழ மூன்று படி. ஆர்பிஐயில் 48 அதிகம், இரண்டு படி. சராசரியில்தான் அடி. ஏறத்தாழ 570 அட்-பேட்டில் .250க்கும் .217க்கும் உள்ள வித்தியாசம் 19 ஹிட். அணியின் 7,000 அட்-பேட்டில் அது .0027; ஒன்றேகால் படிக்கும் மேல் சறுக்கல். மிச்சம் நான்குக்குச் சற்றுக் குறைவு.

நேலருக்கு ஹோம் ரன்னில் பூஜ்யம். ஆர்பிஐயில் 22 அதிகம். ஒரு படிக்குச் சற்றுக் குறைவு. சராசரி, ஏறத்தாழ 540 அட்-பேட்டில் 24 ஹிட் கூடுதல். ஒன்றே முக்கால் படி. ஸ்டீலில் 27 அதிகம். மூன்று படி தாண்டுகிறது. கூட்டினால் ஆறு. ரன் பத்தியில் அலோன்சோ சற்று முன்னே இருந்தாலும் கணக்கைத் திருப்பும் அளவுக்கு இல்லை. 46 ஹோம் ரன் அடித்தவரைவிட 20 அடித்தவர் ஒன்றரை மடங்கு பெறுமதி. செய்தித்தாள் தலைப்பில் ஒருநாளும் இது தெரியாது.

உடனே ஒரு ஆட்சேபம் வரும்: நேலர் அடுத்த ஆண்டும் 30 திருடுவாரா? நியாயமான கேள்வி. பெரிய லீகில் மிக மெதுவாக ஓடுகிறவர்களில் அவரும் ஒருவர். 2023இல் 10, 2024இல் 6, திடீரென்று 30. இதற்குப் பின்னால் விதி மாற்றம் இருக்கிறது. 2023இல் பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கினார்கள். பந்து எறிபவர் ஓட்டக்காரரைத் தடுக்கத் தட்டிலிருந்து காலெடுப்பதற்கு, ஒரு மட்டையாளருக்கு இரண்டு முறை என்று வரம்பு வைத்தார்கள். 2022இல் லீக் முழுவதும் 2,486 ஆக இருந்த ஸ்டீல் 2023இல் 3,503 ஆனது. அந்த ஆண்டு 33 வயது ஃப்ரெடி ஃப்ரீமன் 23 திருடினார். வேகத்தைவிட எறிபவரின் அசைவைப் படிக்கத் தெரிந்தவருக்குக் காலம் கனிந்தது. நேலர் 2025 ஜூலையில் சியாட்டிலுக்கு மாறிய பிறகு 54 ஆட்டத்தில் 19 திருடினார். சீசன் முழுவதும் பிடிபட்டது இரண்டே முறை. அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரே குளிர்காலத்தில் மறந்துபோகாது. ஆனால் எதிரணிகளும் விழித்துக்கொண்டிருக்கும். 15 முதல் 20 வரை எதிர்பார்த்து விலை வைப்பது என் கணக்கு. அப்படி வைத்தாலும் முதல் பேஸில் அது அபூர்வமான பண்டம். இதற்கு முன் இந்த இடத்தில் ஒருவர் 30 தாண்டியதற்குப் பால் கோல்ட்ஷ்மிட் 2016இல் திருடிய 32தான் சட்டென நினைவுக்கு வருகிறது.

எதிர்பார்ப்பு என்று சொல்லிவிட்டோம். அதை எப்படிக் கணக்கிடுவது? கணிப்பு இயந்திரங்கள் பல உண்டு. நேட் சில்வர் 2003இல் கொண்டுவந்த பெகோட்டா, டான் ஸிம்போர்ஸ்கியின் ஜிப்ஸ், ஸ்டீமர் என்று வரிசை நீளும். இவற்றில் மிக எளியதை டாம் டாங்கோ உருவாக்கினார். ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் குரங்கின் பெயரை, மார்செல் என்று, அதற்கு வைத்தார். குரங்குக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச அறிவு இது என்ற கிண்டல். கடைசி ஆண்டுக்கு 5, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை கொடுத்து, லீக் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதுக்குக் கொஞ்சம் கழிப்பது அல்லது கூட்டுவது. அவ்வளவுதான். இதைவிடச் சிக்கலானவை இதைப் பெரிய அளவில் வெல்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

முழுமையாக ஆடிய நால்வருக்கு அந்த முதல் படியை மட்டும் போட்டுப் பார்க்கலாம். அலோன்சோ 2023, 2024, 2025இல் அடித்தது 46, 34, 38. எடையிட்ட சராசரி 38.7. மாட் ஆல்சன் 54, 29, 29; எடையிட்டால் 35.3. கெரேரோ 26, 30, 23; எடையிட்டால் 26.1. ஃப்ரீமன் 29, 22, 24; எடையிட்டால் 24.6. ஆல்சனின் எண் ஏமாற்றக்கூடியது. 2023இன் 54 இன்னும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் 29தான். அந்த ஆண்டு அவர் சராசரியும் .240இலிருந்து .283க்கு ஏறியது. ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிக்கும் உத்திக்கு 2023இல் தடை வந்ததால் இழுத்தடிக்கும் இடதுகைக்காரர்களுக்கு யோகம் என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு தடை அப்படியே இருந்தது, ஆல்சன் .247க்கு இறங்கினார். ஒற்றைக் காரணம் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நிற்பது நல்லது.

ஆனாலும் ஆல்சனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2022, 2023, 2024, 2025 என்று நான்கு சீசனிலும் 162 ஆட்டமும் ஆடியவர் அவர். பத்தி ஐந்தில் மூன்று, ஹோம் ரன், ஆர்பிஐ, ரன், வெறும் வருகையாலேயே வளர்பவை. நாள் தவறாமல் ஆடுகிறவருக்கு ஆண்டுக்கு 690 முறையாவது மட்டை வாய்ப்பு வரும். முப்பது ஆட்டம் உட்கார்ந்தால் அதில் 125 போய்விடும். காயமடைந்தவர் இடத்தில் வேறொருவரை வைக்கலாம், உண்மைதான். ஆனால் அப்படி வைப்பவர் இலவச ஆள். அவருக்காக நாம் பெரிய விலை கொடுக்கவில்லை. சராசரி பத்திக்கும் இதே நியாயம் உண்டு: .270 அடிப்பவர் 620 அட்-பேட்டில் அணியைத் தூக்குவதும் 400இல் தூக்குவதும் ஒன்றல்ல. அடிக்கும் வரிசையில் இரண்டாவதாக வருகிறவருக்கும் ஆறாவதாக வருகிறவருக்கும் உள்ள வித்தியாசமும் இதில் அடங்கும். ஒரு இடம் கீழே இறங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 வாய்ப்பு குறைகிறது. வசந்தகாலப் பயிற்சியில் யார் எத்தனை ஹோம் ரன் அடித்தார் என்று பார்ப்பதைவிட, பயிற்சியாளர் யாரை எந்த இடத்தில் எழுதுகிறார் என்று பார்ப்பது பயனுள்ள பொழுதுபோக்கு.

வாட்டோ விஷயத்துக்கு இங்கே பதில் இருக்கிறது. ஆர்பிஐ ஒருவரின் திறமை மட்டுமல்ல, அவருக்கு முன்னால் யார் பேஸில் நிற்கிறார்கள் என்பதும்தான். ஃப்ரீமன் 2023இல் 131 ரன் எடுத்தார். டாட்ஜர்ஸ் போன்ற அணியில் இரண்டாவதாக ஆடினால் அப்படித்தான். அதே மட்டையைப் பலவீனமான அணியில் வைத்தால் ரன்னும் ஆர்பிஐயும் சுருங்கும், சராசரியும் ஹோம் ரன்னும் அவ்வளவாகச் சுருங்காது. ஆகவே சொந்தக் கையால் சம்பாதிக்கும் பத்திகளுக்கு முழு விலையும் அணியால் வரும் பத்திகளுக்குச் சற்றுத் தள்ளுபடி விலையும் கொடுப்பது முறை. மைதானங்களைப் பற்றி ஒரு வரி போதும்: சான் பிரான்சிஸ்கோவின் வலப்பக்கச் சுவர் 24 அடி உயரம், அங்கே இடதுகைக்காரர் ஹோம் ரன் அடிப்பது லேசல்ல. ஆனால் ஆட்டத்தில் பாதிதான் சொந்த மைதானத்தில், திறமையை மைதானம் தின்றுவிடுவதில்லை.

2015இலிருந்து ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு ஏற்பாடு ஒவ்வொரு பந்தும் மட்டையிலிருந்து கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் சொல்கிறது. மணிக்கு 95 மைல் தாண்டினால் கடும் அடி. 98 மைலோடு 26 முதல் 30 டிகிரிக் கோணம் அமைந்தால் ‘பேரல்’. வேகம் கூடக்கூடக் கோணத்தின் எல்லை விரிகிறது. இதன் பயனும் எல்லையும் கெரேரோவிடம் ஒருசேரத் தெரியும். அவரைப்போல் பந்தைக் கடுமையாக அடிக்கிறவர்கள் சிலரே. ஆனால் பல ஆண்டுகளில் அந்த அடிகளில் பெரும்பகுதி தரையிலேயே உருண்டது. 2021இல் 48 ஹோம் ரன், .311, 111 ஆர்பிஐ. அப்போது அவருக்கு 22 வயது. அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச் மாதமும் யாராவது அந்த 48 திரும்ப வரும் என்று எழுதுகிறார்கள். வந்தது 32, 26, 30, 23. (அந்த 2021இல் புளூ ஜேஸ் அணி கோவிட் காரணமாகத் தன் சொந்த ஊர் ஆட்டங்களை டுனீடின், பஃபலோ, டொரான்டோ என்று மூன்று ஊர்களில் ஆடியதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.) அவரை .290க்கும் மேல் அடிக்கும், நாள் தவறாமல் வரும், 25 முதல் 30 ஹோம் ரன் தரும் ஆளாக வாங்கினால் பணம் வீணாகாது. 48க்காக வாங்கினால் வீண்.

சிறிய எண்ணிக்கையை நம்புவது பற்றியும் ஒரு வார்த்தை. ரசல் கார்ல்டனின் ஆய்வுகளின்படி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) விகிதம் ஏறத்தாழ 60 வாய்ப்புகளிலேயே ஓரளவு நம்பத்தக்கதாகிவிடும். ஹோம் ரன் விகிதத்துக்கு 170 வேண்டும். பேட்டிங் சராசரிக்கு 900க்கும் மேல், அதாவது ஒரு முழு சீசனே போதாது. ஒருவர் .300 அடித்தார் என்பதைவிட அவர் எவ்வளவு குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆனார் என்பது அடுத்த ஆண்டின் சராசரியைப் பற்றி அதிகம் பேசும்.

நிக் கர்ட்ஸை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அத்லெடிக்ஸ் அணிக்கு 2025 ஏப்ரலில் வந்தார். 117 ஆட்டத்தில் 36 ஹோம் ரன், .290. ஜூலை 25 அன்று ஹியூஸ்டனில் ஆறுக்கு ஆறு ஹிட், அதில் நான்கு ஹோம் ரன். ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்த முதல் அறிமுக ஆட்டக்காரர் அவர்தான். ஆண்டின் சிறந்த அறிமுகத்துக்கான விருதும் வந்தது. வயது 22. சொந்த மைதானம் சாக்ரமென்டோவில், மட்டைக்காரர்களுக்கு உகந்தது. ஆனால் வந்த வாய்ப்புகளில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதில் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். இடதுகைப் பந்துவீச்சிடம் திணறினார். இந்த அளவு ஸ்ட்ரைக் அவுட்டோடு .290ஐ ஆண்டுக்கு ஆண்டு தக்கவைத்தவர்கள் மிக அரிது. .255க்கும் .265க்கும் இடையே எங்காவது, 38 ஹோம் ரன்னோடு வந்தால் எனக்கு வியப்பில்லை. அது நல்ல சீசன்தான். ஆனால் முதல் சுற்று விலைக்குரிய சீசனா?

வயது, இந்த இடத்தின் தீராத பிரச்சினை. மட்டையாளர்களின் உச்சம் பொதுவாக 26க்கும் 29க்கும் இடையே. முதல் பேஸ்காரர்களுக்குச் சரிவு வரும்போது செங்குத்தாக வருகிறது. கனத்த உடல், மெதுவான கால், வாக்கும் ஹோம் ரன்னும் மட்டுமே ஆயுதம் என்று இளமையிலேயே கிழவர் ஆட்டம் ஆடுகிறவர்கள் சீக்கிரம் தேய்வார்கள் என்று பில் ஜேம்ஸ் எப்போதோ எழுதினார். சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் 2013இல் 53 ஹோம் ரன், 2015இல் 47. 2016 ஜனவரியில் 161 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2018இல் சராசரி .168, போதுமான வாய்ப்பு பெற்ற எந்த மட்டையாளரும் ஒரு சீசனில் அதைவிடக் கீழே போனதில்லை. தொடர்ந்து 54 அட்-பேட்டில் ஹிட் இல்லாமல் 2019இலும் தவித்தார். ஹோசே அப்ரேயு 2020இல் அமெரிக்கன் லீகின் மிகமதிப்புள்ள ஆட்டக்காரர் விருது வாங்கியவர். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஹியூஸ்டனுக்குப் போய், இரண்டாவது ஆண்டு .124இல் நிற்கும்போது 2024 ஜூனில் விடுவிக்கப்பட்டார். பிரின்ஸ் ஃபீல்டருக்குக் கழுத்து அறுவை, 32 வயதில் ஓய்வு. 319 ஹோம் ரன், தந்தை செசில் ஃபீல்டர் நின்ற அதே எண்.

எதிர் உதாரணமும் உண்டு. கோல்ட்ஷ்மிட் 35ஐத் தொட்ட 2022இல் .317, 35 ஹோம் ரன், 115 ஆர்பிஐயோடு அதே மிகமதிப்புள்ள ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அடுத்த இரண்டு ஆண்டில் .268, பிறகு .245. மேலே ஒரு வருடம், கீழே இரண்டு வருடம். மார்ச் மாதத்தில் உட்கார்ந்து எந்த வருடம் இது என்று சொல்ல யாராலும் முடியாததால், 34ஐத் தாண்டியவர்களைக் கணிப்புக்கும் ஒரு படி கீழேயே விலை பேச வேண்டும். ஃப்ரீமன் விதிவிலக்காகவே இருந்துவருகிறார்: 2024இல் கணுக்கால் வலியோடு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைக் கிராண்ட் ஸ்லாமில் முடித்தார், 2025இல் .295, 24 ஹோம் ரன், 90 ஆர்பிஐ. 36 வயதில் அவரை எடுப்பவர், சராசரிக்காக எடுக்கிறார்; ஸ்டீல் காலம் முடிந்துவிட்டது.

லீகின் விதியைப் படிக்காமல் மேலே சொன்ன எதையும் பயன்படுத்தக் கூடாது. சராசரிக்குப் பதில் ஆன்-பேஸ் விகிதம் எண்ணும் லீகில் வாக்கும் சேரும். 2020இல் கிளீவ்லாந்தின் கார்லோஸ் சந்தானா .199தான் அடித்தார், ஆனால் ஆன்-பேஸ் .349. ஒரு லீகில் அணியை மூழ்கடித்தவர் இன்னொன்றில் உதவிக்கரம். அராயெஸுக்கு நேர் எதிர்: மூன்று ஆண்டு தொடர்ந்து, இரு லீகுகளிலுமாக, சராசரிப் பட்டம் வென்றவர், வாக் வாங்கும் பழக்கமே இல்லாதவர். சராசரி லீகிலேயே அவரை முதல் பேஸில் போட்டால் ஹோம் ரன் பத்தியில் ஒரு குழி விழும். கார்னர் இடத்தில், மற்ற இடங்களில் பலம் சேர்த்த பிறகு மட்டுமே பொருந்துவார். ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் புள்ளி கழிக்கும் லீகுகளில் கர்ட்ஸ் இறங்குவார், கெரேரோவும் ஃப்ரீமனும் ஏறுவார்கள்.

எந்த இடத்தில் ஒருவரை நிறுத்தலாம் என்ற தகுதியும் கவனிக்கத்தக்கது. பல லீகுகளில் முந்தைய ஆண்டு 20 ஆட்டம் அந்த இடத்தில் ஆடியிருக்க வேண்டும். சிலவற்றில் 10 அல்லது 5 போதும். ரஃபேல் டெவர்ஸ் பாஸ்டனில் முதல் பேஸ் ஆட மறுத்தார். 2025 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்டார், அங்கே போய் முதல் பேஸ் ஆடினார். 35 ஹோம் ரன், 109 ஆர்பிஐ. மூன்றாம் பேஸ் தகுதியோடு இருந்தால் இன்னும் ஒரு சுற்று முன்னே போயிருப்பார். இப்போது அந்தத் தகுதி போய்விட்டது. முதல் பேஸ் கூட்டத்தில் இன்னொருவராகிவிட்டதால் விலை இறங்கும், வாங்குபவருக்கு லாபம்.

அந்தக் கூட்டம் மெலிந்ததல்ல. 2025இல் மைக்கேல் புஷ் 34 ஹோம் ரன், வின்னி பாஸ்குவான்டினோ 32 ஹோம் ரன்னும் 113 ஆர்பிஐயும், ஸ்பென்சர் டோர்கெல்சன் 31. டோர்கெல்சன் 2024இல் மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டவர். 2025 டிராஃப்டின் கடைசிப் பகுதியில் கிடைத்தவர். ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஒருவராவது வருவார், முப்பது ஹோம் ரன்னும் .240 சராசரியுமாக. அவருக்காக முன்னால் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் இவ்வளவு நேரம் சொன்னதன் பொருள்.

2026க்கு என் கணக்கில் முதலில் கெரேரோ. 14 ஆண்டு, 500 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கையில் இருப்பவர், 27 வயது, சராசரியில் பலம். அடுத்து அலோன்சோ; .217 காலம் போய் .272க்கு வந்திருக்கிறார், அவர் இப்போது மாறியிருக்கும் பால்டிமோரின் மைதானம் வலதுகைக்காரருக்கு முன்போல் கொடுமையானதல்ல, இடப்பக்கச் சுவரை 2025இல் முன்னே இழுத்துவிட்டார்கள். பிறகு கர்ட்ஸ், ஆல்சன், நேலர், ஃப்ரீமன், டெவர்ஸ். கர்ட்ஸையும் நேலரையும் பிரிக்கும் தூரம் ஏல அறையில் நினைப்பதைவிடக் குறைவு. கர்ட்ஸுக்கு 28 டாலர் வரை கை தூக்குவேன். அதற்கு மேல் யாராவது போனால் நேலரின் பெயர் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். மிச்சமாகும் எட்டோ பத்தோ டாலர், ஒரு நல்ல பிட்சருக்கு ஆகும்.